கருப்பு துப்பட்டாவுக்கு ஏன் தடை? கருப்புச் சட்டைக்குப் பின்னால் இருக்கும் அரசியல் என்ன?

2025 ஜனவரி 5. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியக வளாகத்தில் சிந்துவெளி பண்பாட்டுக் கண்டுபிடிப்பு நூற்றாண்டு கருத்தரங்கு. முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்த அந்த நிகழ்ச்சிக்கு வந்த மாணவிகளின் கருப்பு துப்பட்டாக்கள் வாசலிலேயே வாங்கி வைக்கப்பட்டன. படங்கள் சோஷியல் மீடியாவில் பரவ, எதிர்க்கட்சிகள் கொந்தளித்தன. பாதுகாப்புக்கு நின்றவர்கள் அளவுக்கு மீறி உஷாராக இருந்துவிட்டார்கள் என்ற ரீதியில் காவல்துறை விளக்கம் கொடுத்தது.

இது முதல்முறை இல்லை. 2023 ஜூனில் சேலம் பெரியார் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவுக்கு ஆளுநர் ஆர்.என்.ரவி வரவிருந்த நேரம். மாணவர்கள் கருப்பு உடை அணிந்து வர வேண்டாம் என்று சுற்றறிக்கை போனது. பெரியார் பெயரில் இருக்கும் பல்கலைக்கழகத்திலேயே கருப்புக்குத் தடையா என்று கேள்வி எழுந்ததும் சுற்றறிக்கை வாபஸ். மேடையில் இருப்பது யாராக இருந்தாலும் பயம் ஒன்றுதான், கருப்புக் கொடி.

கருப்புச் சட்டை எப்போது வந்தது?

வீட்டில் நல்ல காரியம் என்றால் 'கருப்பு மட்டும் வேண்டாம்' என்று பெரியவர்கள் சொல்வது இன்றும் உண்டு. துக்கம், இழவு, சனி என்று பல காரணங்கள். அந்த ஒதுக்கப்பட்ட நிறத்தைத்தான் பெரியார் கையில் எடுத்தார். 1944-ல் திராவிடர் கழகம் உருவானது. அடுத்த ஆண்டே கருஞ்சட்டைப் படை. நம் சமுதாயம் இழிநிலையில் இருக்கிறது, அதற்கான அடையாளம் இந்தக் கருப்பு என்பது கழகம் சொன்ன விளக்கம். கொடியிலும் அதே கணக்கு: கருப்பு இழிவு, நடுவில் இருக்கும் சிவப்பு வட்டம் அதைப் போக்கும் புரட்சி.

எதிர்ப்பும் உடனே வந்தது. 1946-ல் மதுரையில் நடந்த கருப்புச் சட்டை மாநாட்டின் பந்தலுக்கே தீ வைக்கப்பட்டது. 1948-ல் சென்னை மாகாண அரசு கருஞ்சட்டைப் படையைத் தடை செய்தது. சட்டைக்கு அரசு பயப்படுவது 2023-ல் தொடங்கிய கதை இல்லை!

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. கார்த்திகை பிறந்துவிட்டால் அதே கருப்பை லட்சக்கணக்கான ஐயப்ப பக்தர்கள் மாலையோடு அணிகிறார்கள். கடவுள் இல்லை என்பவருக்கும் சாமியே சரணம் என்பவருக்கும் ஒரே நிறம். டீக்கடையில் பக்கத்துப் பக்கத்தில் நின்றால், கழுத்தைப் பார்த்துத்தான் யார் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியும்.

டெல்லியிலும் இதே சண்டை

2022 ஆகஸ்ட் 5-ம் தேதி விலைவாசி உயர்வைக் கண்டித்து காங்கிரஸ் எம்.பி.க்கள் கருப்பு உடையில் போராடினார்கள். அது அயோத்தி ராமர் கோயிலுக்கு அடிக்கல் நாட்டிய நாள் என்று அமித் ஷா முடிச்சுப் போட்டார். சில நாட்களில் பிரதமர் மோடி அதை 'கருப்பு மாயவித்தை'யோடு ஒப்பிட்டுப் பேசினார். கேஸ் விலையில் தொடங்கிய பேச்சு சூனியத்தில் போய் நின்றது. நிறத்துக்கு இருக்கும் பழைய பயத்தை அரசியல் எப்படிப் பயன்படுத்திக்கொள்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

அதே மோடி 2018 ஏப்ரல் 12-ம் தேதி சென்னை வந்தபோது, காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு கருப்புக் கொடியோடு கருப்பு பலூன்களும் பறந்தன. அன்று அதை முன்னின்று நடத்திய எதிர்க்கட்சிகளில் திமுகவும் ஒன்று. அந்தக் கட்சி ஆட்சியில் இருக்கும்போது துப்பட்டா விவகாரம் நடந்ததால்தான் விமர்சனம் கூடுதலாகச் சுட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

2017-ல் கேரள முதல்வர் பினராயி விஜயனுக்குக் கருப்புக் கொடி காட்டியவர்கள் மீது போடப்பட்ட வழக்கை, 2024 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கருப்புக் கொடி காட்டுவது அவதூறு ஆகாது, சட்டவிரோதமும் ஆகாது என்றது தீர்ப்பு. கொடி காட்டுவதே குற்றமில்லை என்றால், தோளில் கிடக்கும் துப்பட்டாவை எந்தச் சட்டத்தில் பிடுங்குவது? அதற்கு விளக்கத்தில் பதில் இல்லை. இனி இப்படி நடக்காது என்ற உறுதி மட்டும் இருந்தது. மாணவிகளுக்கு நிகழ்ச்சி முடிந்த பிறகு துப்பட்டா திரும்பக் கிடைத்தது.