சொன்னது வாழை, எழுதியது வாளை

எழுத்தில் கீழ்வேளூர், பேச்சில் கீவளூர். பேருந்து நடத்துநருக்கு இரண்டும் ஒன்றே. பேச்சைக் கேட்டு எழுதும் கணிப்பொறிக்கு அப்படியன்று, தோழியரே!

இவ்வசதி 2013இல் குரோம் உலாவிக்குள் வந்தது. 2017இல் கூகுளின் குரல்வழி எழுத்தில் தமிழும் சேர்ந்தது. நாம் பேசப் பேச உலாவி அரைகுறை ஊகங்களைத் தந்து, பின்பு முடிவான விடையைத் தரும். விடைக்கு 0 முதல் 1 வரை மதிப்பெண்ணும் உண்டு. (மதிப்பெண் என்றாலே நமக்கு நடுக்கம்தான்!) மாற்று ஊகங்களும் கிடைக்கும். ஆனால் நிரல் எழுதுபவர் கேட்காவிட்டால் ஒன்றே ஒன்றுதான் வரும். என் குறை இங்கேதான்.

2018இல் கஜா புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. அப்படியொரு நாளில் பாட்டி, “வாழை சாஞ்சு போச்சு” என்று சொல்ல, அவர் நாவில் ழகரம் ளகரமாகிப் படிவத்தில் ‘வாளை’ என்று விழுந்தால் நிவாரணம் மீனுக்கா?

தவறான விடையும் சில வேளை நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். ஆகவே அதை மட்டும் நம்பலாகாது. மூன்று ஊகங்களையாவது வாங்கிப் பேசியவரிடமே காட்ட வேண்டும், எழுத்தறியாதவருக்கு, “நீங்கள் சொன்னது வாழை மரமா, வாளை மீனா?” என்று குரலிலேயே கேட்க வேண்டும். பாட்டி “மரந்தான்” என்ற பிறகு படிவம் போகட்டும்.