முழுதும் தெரியுமுன்னே

மார்கழியிலும் தையிலும் இந்த வடநாட்டில் மூடுபனி இறங்கிவிட்டால், கைகாட்டி மரம் கண்ணுக்குப் புலப்படாது. ரயில்வே குமாஸ்தாவாகிய நான் ஆண்டுதோறும் காணும் காட்சி இது. முன்னே தடை உண்டா, இல்லையா என்று வண்டி ஓட்டுபவர் அறியார். அதற்காக அவர் வழக்கமான வேகத்தில் விரைவதில்லை. பனி விலகட்டுமென்று நாள் முழுதும் நின்றுவிடுவதுமில்லை. வேகத்தைக் குறைத்துச் செல்கிறார். பாதை தெளியத் தெளிய வேகத்தை மாற்றிக்கொள்கிறார்.

உலக நாடுகளும் ஒருமுறை இவ்வாறே நடந்துகொண்டன. குளிர்ப்பெட்டிகளில் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன் என்னும் வாயு, கதிரவனின் தீய கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அழிக்கக்கூடுமென்று 1974-இல் மொலினா, ரோலண்டு என்ற விஞ்ஞானிகள் எழுதினர். உற்பத்தியாளர் பலர் அதை ஊகமென்று மறுத்தனர். 1985-இல் அண்டார்க்டிகாவின்மேல் ஓசோன் பெரிதும் குறைந்திருப்பது வெளியாயிற்று. காரணம் இன்னதென்பதில் அப்போதும் கருத்து வேற்றுமை நீங்கவில்லை. ஆயினும் 1987 செப்டம்பர் 16-இல் மான்ட்ரியால் நகரில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

எவ்வாறு இணங்கினர்? அந்த வாயுவை அடியோடு ஒழிப்பதென்று அன்றே பிடிவாதம் செய்யவில்லை; படிப்படியாகப் பாதியளவு குறைக்க இசைந்தனர். நான்காண்டுக்கு ஒருமுறையேனும் புதிய ஆராய்ச்சியைக் கொண்டு முடிவைச் சீர்தூக்கிப் பார்ப்பதென விதியும் வகுத்தனர். பின்னர்த் திருத்தலாம் என்ற வழி திறந்திருந்ததால், தயங்கியவருக்கும் இசைவது எளிதாயிற்று.

மற்றொரு தடையும் இருந்தது. செல்வ நாடுகள் செய்த கேட்டுக்கு ஏழை நாடுகள் விலை கொடுப்பதா என்ற நியாயமான கேள்வி எழுந்தது. 1990-இல் லண்டனில் அதற்கென நிதி ஏற்படுத்த உடன்பட்டனர்; முழு ஒழிப்புக்கும் நாள் குறித்தனர். இந்தியா 1992-இல் சேர்ந்தது. இன்று உலக நாடுகள் அனைத்தும் அதில் அடங்கியுள்ளன. அண்டார்க்டிகாவின்மேல் ஓசோன் 2066-ஆம் ஆண்டு வாக்கில் 1980-இன் நிலையை எய்துமென்று விஞ்ஞானிகள் மதிப்பிடுகின்றனர்.

இங்கே குளிர்காலம் வந்தால் பனியோடு புகையும் சேருகிறது. நம் குழந்தைகள் இருமிக்கொண்டே பள்ளிக்குச் செல்கின்றனர். வயலில் எரியும் வைக்கோலா, வாகனமா, ஆலையா, எதன் பங்கு எவ்வளவு என்று வழக்காடுகிறோம். கணக்கு முடியட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்குள் அவரவர் பங்கில் ஒரு படி குறைக்கவும், அடுத்த ஆண்டு கூடிப் பார்த்துத் திருத்தவும் இசையலாமன்றோ? கணக்கு முடியும்வரை குழந்தைகள் மூச்சுவிடாமல் காத்திருக்க முடியுமா?