உரோமைக்குப் புறப்படுவோர் பெட்டியில்

பங்கிலிருந்து ஒருவர் உரோமைக்குத் திருப்பயணம் புறப்படுகிறார் என்ற செய்தி பரவினால் போதும். அங்கே உயர்கல்வி பயிலும் குருவானவரின் அன்னையும், கன்னியர் மடத்திலுள்ள சகோதரியின் பெற்றோரும் ஆளுக்கொரு பொட்டலத்தோடு வாசலில் வந்து நிற்பார்கள். நெய் ஒரு போத்தல், ஆட்டுக்கறி ஊறுகாய் ஒரு சீசா, முற்றத்துக் கறிவேப்பிலை ஒரு கட்டு. அன்பின் பொட்டலங்கள்தாம், மறுப்பது கடினம். ஆயினும் உரோமை விமான நிலையத்தில் அவற்றுக்கு விடை கூற வேண்டியவர் சுமந்து சென்றவரே. ஆகவே இத்தாலியும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏனைய நாடுகளும் வகுத்துள்ள சுங்க விதிகளை இம்மாதம் காண்போம்.

இறைச்சி, இறைச்சி கலந்த பண்டம், பால், நெய், பாலாடைக்கட்டி ஆகியவற்றை நம் நாட்டிலிருந்து சொந்த உபயோகத்திற்கென்றாலும் கொண்டு செல்லலாகாது. ஒரு கரண்டி நெய்க்கு இத்தனை கெடுபிடியா என்று நம்மவர் சலித்துக்கொள்வதுண்டு. நம் தொழுவங்கள் நன்கறிந்த கோமாரி நோய்க்கிருமி இறைச்சியிலும் பாலிலும் ஒளிந்து பயணம் செய்ய வல்லது. 2001-ஆம் ஆண்டில் பிரிட்டனில் அந்நோய் பரவியபோது 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. சட்டவிரோதமாக வந்த இறைச்சி பன்றித் தீவனத்தில் கலந்ததே அதன் தொடக்கம் எனக் கருதப்பட்டது. கைக்குழந்தைக்கான பால்மாவுக்கு மட்டும், கடையில் விற்கும் உறையோடு, 2 கிலோ வரை விலக்கு உண்டு.

மீனுக்கோ நிலைமை வேறு. கருவாடு உள்பட 20 கிலோ வரை அனுமதிக்கிறார்கள். தூத்துக்குடி, மணப்பாட்டு அன்பர்கள் மகிழலாம். பக்கத்து இருக்கைக்காரரின் மூக்கையும் நினைத்துக் கட்டுங்கள்! கறிவேப்பிலைக்கும் மாம்பழத்துக்கும் 2019 டிசம்பர் 14 முதல் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சம்பழம், துரியன் ஆகிய ஐந்துக்கே விலக்கு. அரைத்த மசாலாப் பொடி இவ்விதிக்குள் வராது.

அடுத்து, ‘டியூட்டி ஃப்ரீ’ என்ற சொல் விளைவிக்கும் மயக்கம். 1947-இல் அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில் தோன்றிய இவ்வகைக் கடைகள், கடையுள்ள நாட்டின் வரியை மட்டுமே விலக்குகின்றன. துபாயில் அவ்வாறு வாங்கிய பொருள் உரோமையில் இறங்கியதும் அங்குள்ள கணக்கில் சேர்ந்துவிடும். விமானத்தில் வருவோர்க்கு ஆளுக்கு 430 யூரோ மதிப்புள்ள பொருள்களே விலக்கு. கணவன் மனைவி இருவரின் விலக்கையும் கூட்டி 800 யூரோக் கைக்கடிகாரம் ஒன்றைக் கொண்டுவர முடியாது. ஒரே பொருளின் விலையைப் பங்கிட விதி இடந்தரவில்லை. 17 வயது நிரம்பியோர் 4 லிட்டர் திராட்சை இரசம் கொண்டுவரலாம். அதை இத்தாலிக்கே சுமந்து செல்வார் யாரோ!

தங்கத்தைப் பற்றித் தாய்மார் கேட்பர். அணிந்து சென்று அணிந்தே திரும்பும் நகை சொந்த உடைமை. உறவினருக்குப் பரிசாகக் கொடுக்கும் சங்கிலி இறக்குமதி. 10,000 யூரோவோ அதற்கு மேலோ ரொக்கமாக வைத்திருப்போர் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். 2021 ஜூன் முதல் தங்க நாணயமும் கட்டியும் இக்கணக்கில் அடங்கும். குழுவினர் பணத்தையெல்லாம் ஒரே பையில் வைத்திருக்கும் திருப்பயணத் தலைவர் இதைக் குறித்துக்கொள்க. பணம் கொண்டு செல்வது குற்றமன்று, அறிவியாமையே குற்றம். பாட்டனார் காலத்து யானைத் தந்தச் சிலுவை இருப்பின், அது வீட்டுப் பீடத்திலேயே இருக்கட்டும்; தந்தத்தை எல்லை கடத்துவதற்குச் சர்வதேச உடன்படிக்கையின் கடுங்கட்டுப்பாடு உண்டு.

வெளியேறுமிடத்தில் பச்சை, சிவப்பு என இரு வழிகள். பச்சை வழியில் கால் வைப்பது, அறிவிக்க ஒன்றுமில்லை என்று கையொப்பமிடுவதற்கு ஒப்பாகும். அங்கே சுங்க அதிகாரிகளோடு சாம்பல் நிறச் சீருடையில் நிதிக் காவல் படையினரும் இருப்பார்கள். அவர்களுடைய பாதுகாவலர் வேறு யாருமல்லர், சுங்கச் சாவடியிலிருந்து ஆண்டவர் அழைத்த புனித மத்தேயுவே. 1934-இல் பாப்பரசர் 11-ஆம் பத்திநாதர் அவ்வாறு அறிவித்தார். ‘இது பக்கத்து வீட்டு அம்மாள் தந்தது’ என்ற விடை அவர்களிடம் எடுபடாது. நெய்ப் போத்தலானால் பறிமுதலோடும் அபராதத்தோடும் போகும். பொட்டலத்தின் அடியில் போதைப்பொருள் இருந்தாலோ சிறைவாசம். எனவே எவ்வளவு நெருங்கியவர் தந்தாலும் உங்கள் கண்முன்னே பிரித்துக் காட்டச் சொல்லி, நீங்களே திரும்பக் கட்டுங்கள். ஐயமுள்ள பொருள் ஒன்றிருந்தாலும் சிவப்பு வழியே செல்லுங்கள்.

பாரீசு வழியாக உரோமைக்குச் செல்வோர்க்கு ஒரு குறிப்பு: கைப்பையைப் பாரீசிலும், விமானத்தில் ஏற்றிவிட்ட பெட்டியை உரோமையிலும் சோதிப்பார்கள். மருந்து மாத்திரைகளை மருத்துவரின் சீட்டோடு கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.