கோயம்பேட்டில் சமைத்த கை ஊரில் ஏன் கூசுகிறது?

"சமையலில் மனம் போகவில்லை" என்று ஒரு பெண் வாய் திறந்து சொல்லிவிட்டால் போதும். சோம்பேறி என்று ஊர் பெயர் சூட்டிவிடும்.

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துப் பெண்களிடம் அந்தப் பேச்சு எடுபடாது. விடிவதற்குள் சோறு வடித்து வைத்துவிட்டுக் காட்டுக்குப் போகிறவர்கள் அவர்கள். செட்டிக்குளம், பாடாலூர் வட்டாரத்தில் சின்ன வெங்காயத்தைப் பிடுங்கி, தாள் அறுத்து, அழுகல் பொறுக்கி, பட்டறை போடும் வரை கைக்கு ஓய்வு கிடையாது. பொழுது சாய்ந்து வீடு திரும்பினால் அங்கேயும் வெங்காயம்! குழம்புக்கு உரித்தாக வேண்டும். ஆசை எங்கிருந்து வரும்?

கொஞ்சநஞ்சம் இருந்த ஆசையையும் 2020-ஆம் ஆண்டு துடைத்தெடுத்தது. மார்ச் 25-ந் தேதி நாடெங்கும் ஊரடங்கு வந்தது. அடுத்து, சென்னைக் கோயம்பேடு சந்தையில் கொரோனா பரவியது. மே 5-ந் தேதி சந்தையை மூடினார்கள். அங்கே மூட்டை சுமந்த தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக ஊர் வந்து சேர்ந்தார்கள். நோயும் கூடவே வந்தது. அரியலூர், பெரம்பலூர் பெயர்கள் தினமும் செய்தியில் அடிபட்டன.

வருமானம் நின்றது, சாப்பிடும் வாய்கள் கூடின. ரேஷன் அரிசியும் பருப்பும் கைகொடுத்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் மூன்று வேளையும் அடுப்பு முன் நின்றவள் ஒருத்திதான். ஐப்பசியில் வெங்காய விலை உச்சத்துக்குப் போனபோது, விளைவித்தவள் வீட்டிலேயே வெங்காயத்தை எண்ணிப் போட வேண்டியதாயிற்று.

முறை வைத்த சமையல்

இதில் ஒரு வேடிக்கை. ஊர் திரும்பிய ஆண்களில் பலருக்கு நன்றாகச் சமைக்கத் தெரியும்! சென்னையில் ஒரே அறையில் பல பேர் தங்கி, முறை வைத்துச் சோறு வடித்தவர்கள் அவர்கள். சொந்த வீட்டில்தான் கரண்டியைத் தொட மாட்டார்கள். பட்டணத்தில் அது பிழைப்பாம். ஊரில் செய்தால் கௌரவக் குறைவாம். என்ன கௌரவமோ!

வேலையில்லாத மாதங்கள் நீண்டபோது, சில வீடுகளில் அந்தக் கௌரவம் மெல்லத் தளர்ந்தது. புருஷன் கருவாட்டுக் குழம்பு வைத்தான். புளி சற்றுத் தூக்கல்தான். இருந்தால் என்ன? அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள். பிறர் ஆக்கிப் போட்ட சோறு என்பது, கல்யாணமான பிறகு விருந்து நாளில் மட்டுமே அவளுக்குக் கிடைத்து வந்த பொருள்.

அப்படிப்பட்ட வீடுகளில்தான் பெண்ணுக்குச் சமையல் மறுபடி இனித்தது. மாமியார் காலத்து வரகுச் சோற்றின் பக்குவம் நினைவுக்கு வந்தது. 2021 பொங்கலுக்கு ரேஷன் கடையில் 2,500 ரூபாயும், பச்சரிசி, சர்க்கரை, கரும்பும், கூடவே 20 கிராம் முந்திரியும் கொடுத்தார்கள். ஆண்டிமடத்து முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்குகிறவளுக்கு 20 கிராம் முந்திரிப் பொட்டலம்! சிரித்துக்கொண்டே வறுத்துப் போட வேண்டியதுதான்.

ஒரே ஒரு நிமிடம்

அந்தப் பழக்கம் நிலைத்ததா? மத்திய அரசின் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது, பாருங்கள். 2019-ல் வீட்டு வேலை செய்த பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் உழைத்தார்கள். ஆண்கள் 97 நிமிடம். 2024-ல் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. ஐந்து ஆண்டில் இடைவெளி குறைந்தது ஒரே ஒரு நிமிடம்!

புதுக்கோட்டை மாவட்டத்தில், சின்ன வீரமங்கலத்து ஆண்கள் வெட்டவெளியில் சமைத்துக் காட்டினார்கள். 2021-ல் அவர்களுடைய யூடியூப் சேனலுக்கு ஒரு கோடிச் சந்தாதாரர்கள் சேர்ந்தார்கள். ஆண் சமைத்தால் உலகம் கைதட்டுகிறது. வீட்டு அடுப்படியில் யாரும் கைதட்ட மாட்டார்கள் என்பதற்காகவா இவ்வளவு தயக்கம்?

கோயம்பேடு சந்தை 2020 செப்டம்பரிலேயே திறந்துவிட்டது. போனவர்கள் பழையபடி அறையில் முறை வைத்துச் சமைக்கிறார்கள். பண்டிகைக்கு ஊர் வரும்போது அந்த முறையையும் கூடவே கொண்டு வரலாம். முதல் நாள் வெங்காயம் உரிப்பதிலிருந்து தொடங்கட்டும்.