பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது?



சென்ற வெள்ளிக்கிழமை கல்வளைப் பிள்ளையார் கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தபோது, எங்கள் ஒழுங்கையில் தையல் தைத்துச் சீவிக்கும் ஒரு பிள்ளை என்னை மறித்தாள். 2009ஆம் ஆண்டு வன்னியில் ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். கணவர் இல்லை. ஒரே மகளைத் தரம் ஒன்றில் சேர்க்கும் வயது வந்துவிட்டது.

“அன்ரி, என்ரை ரெண்டு காப்பையும் வித்துப்போட்டு இவளை ரவுணிலை இங்கிலீஸ் மீடியம் பள்ளிக்கூடத்திலை சேர்க்கப்போறன். நான் பட்ட பாட்டை இவள் படக்கூடாது.”

“சரி பிள்ளை, அந்தக் காப்புக் காசு எத்தனை தவணைக்குக் காணும்?” என்று கேட்டேன். அவள் பேசாமல் நின்றாள்.

அந்தக் கேள்வியை என்னிடம் ஒருவரும் அன்று கேட்கவில்லை. 2004ஆம் ஆண்டு, என் மகனைக் கட்டணம் வாங்கும் ஒரு பாடசாலையில் சேர்த்தேன். நல்ல பாடசாலைதான். குறை சொல்ல ஒன்றுமில்லை. 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டது. சீனி, மா, மண்ணெண்ணெய் எல்லாம் எட்டாத விலைக்குப் போயின. என் சிறு வியாபாரமும் படுத்துவிட்டது. இரண்டு தவணைக் கட்டணம் நிலுவையில் நின்றதும், வருட நடுவில் மகனை மறித்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். புதிய பள்ளிக்கூடம் அவனைத் தாங்கிக்கொண்டது. ஆனால் “காசில்லாமல் வந்தவன்” என்ற எண்ணம் அவன் மனதை விட்டுப் போகக் கனகாலம் எடுத்தது. ஒரு வருடத்துக்கு மேலாக அவன் வகுப்பில் வாய் திறக்கவேயில்லை.

அதிலிருந்து நான் கற்றுக்கொண்டது இதுதான். பிள்ளையைச் சேர்க்கும் நாளை மட்டும் பார்க்காதீர்கள். கடைசி வகுப்பு வரை நாங்கள் தாங்கக்கூடிய பள்ளிக்கூடமா என்று பாருங்கள். நடுவில் பிடுங்கி நடுவது பயிருக்கே கூடாது.

முதலில், எது எந்தப் பள்ளிக்கூடம் என்று தெரிந்திருக்க வேண்டும். எங்கள் நாட்டில் 1945ஆம் ஆண்டு கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் மிசன் பாடசாலைகளையும் சைவ வித்தியா விருத்திச் சங்கம் நடத்திய பாடசாலைகளையும் அரசு பொறுப்பேற்றது. எங்கள் ஊர்ப்பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் பலவும் இப்படி அரச பாடசாலைகளானவைதான். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி, உடுவில் மகளிர் கல்லூரி போன்ற சில, அரசிடம் கொடுக்காமல் தனியார் பாடசாலைகளாகவே நின்றன. மூன்றாவது வகை சர்வதேசப் பாடசாலைகள். இவை கம்பனிகளாகப் பதிவு செய்யப்பட்டவை. கட்டணத்தையும் பாடத்திட்டத்தையும் அவையே தீர்மானிக்கின்றன. “பிறைவேற்” என்ற ஒரே சொல்லால் இந்த இரண்டையும் சொல்கிறோம். ஆனால் இவை ஒன்றல்ல.

இரண்டாவது, ஒரு கொப்பியை எடுத்துக் கணக்கு எழுதுங்கள். தவணைக்கு 45,000 ரூபா என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மூன்று தவணைக்கு 135,000. தரம் 1 முதல் சாதாரண தரம் வரை 11 வருடம். கட்டணம் ஒரு சதமும் கூடாவிட்டாலே 1,485,000 ரூபா. வான் காசு, சப்பாத்து, சீருடை, சேர்க்கைப் பணம், ரியூசன் எல்லாம் இதற்கு வெளியே. இந்தக் காசுக்காகக் குழுக்கடன் எடுக்க நினைத்தால் தயவுசெய்து வேண்டாம். கிழமைக் கிழமை கட்டும் கடனைக் கொண்டு பதினொரு வருடப் படிப்பை நடத்த முடியாது.

அரச பாடசாலையில் பாடநூல் 1980ஆம் ஆண்டு முதல் இலவசம். சீருடைத் துணி 1993ஆம் ஆண்டு முதல் கிடைக்கிறது. அபிவிருத்திச் சங்கத்துக்கு, விழாவுக்கு என்று அங்கும் காசு கேட்பார்கள்தான். ஆனால் அதைக் கட்ட இயலாது என்பதற்காகப் பிள்ளையின் படிப்பை நிறுத்த முடியாது. அதிபரிடம் நேரே போய் நிலைமையைச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

மூன்றாவது, பரீட்சை. தரம் 5 புலமைப்பரிசிலில் நல்ல புள்ளி எடுக்கும் பிள்ளை, தரம் 6இல் பெரிய பாடசாலைக்குப் போகலாம். வசதி குறைந்த பிள்ளைக்கு உதவிப்பணமும் உண்டு. எங்கள் பல்கலைக்கழகங்களுக்கு உள்ளூர் உயர்தரப் பரீட்சையின் இசற் புள்ளியை வைத்தே எடுக்கிறார்கள். ஆகவே சர்வதேசப் பாடசாலையில் சேர்க்குமுன் கேளுங்கள்: என் பிள்ளை புலமைப்பரிசில் எழுதலாமா? சாதாரண தரமும் உயர்தரமும் உள்ளூர்ப் பரீட்சையா, லண்டன் பரீட்சையா?

“இங்கிலீஸ்?” என்று கேட்பீர்கள். நியாயமான ஆசை. அரச பாடசாலையில் தரம் 1இலேயே ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி தொடங்கி, தரம் 3இலிருந்து பாடமாக வருகிறது. சில பாடசாலைகளில் தரம் 6 முதல் சில பாடங்களை ஆங்கிலத்திலும் படிக்கலாம். ஆனால் ஊர்ப் பள்ளிக்கூடம் எல்லாம் ஒரே மாதிரி என்று நான் சொல்ல மாட்டேன். சிலவற்றில் ஆங்கில ஆசிரியர் இடமாற்றத்தில் போனால் மாதக்கணக்கில் ஆள் வராது. ஆகவே காலையில் மணி அடிக்கும் நேரம் ஒரு நாள் போய்ப் பாருங்கள். ஆசிரியர்கள் நேரத்துக்கு வருகிறார்களா? தரம் 1இல் எத்தனை பிள்ளைகள்? ஆங்கிலத்துக்கு ஆள் உண்டா? மலசலகூடம் துப்புரவா? பிள்ளை நடந்து வரக்கூடிய தூரமா?

வசதியுள்ளவர்கள் கட்டணம் கட்டிப் படிப்பிப்பது பிழையல்ல. வெளிநாட்டுச் சகோதரங்களின் உதவி நிலையாக வருமானால் அதுவும் யோசிக்கலாம். ஆனால் அந்த உதவி நின்றால் என்ன செய்வது என்பதையும் இன்றே யோசியுங்கள்.

திங்கட்கிழமை அந்தப் பிள்ளையோடு பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கையில் கேள்விகள் எழுதிய துண்டு. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் அதிபர் முன் இருந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். இரண்டு கேள்விக்கு அதிபரிடம் நல்ல பதில் இல்லை. அதையும் துண்டில் குறித்துக்கொண்டாள். வெளியே வந்து, “அன்ரி, இன்னும் ஒரு பள்ளிக்கூடமும் பாப்பம்” என்றாள்.

காப்பு இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது. எந்தப் பள்ளிக்கூடம் என்று அவள் முடிவெடுக்கவில்லை. ஆனால் இனி அவள் எடுக்கும் முடிவு கணக்குப் பார்த்த முடிவாக இருக்கும். மகள் உயர்தரம் படிக்கும் நாளில் அந்தக் காப்புக்கு வேலை வரும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.