தாத்தா பிடித்த சிங்கி



ஒரு நூல், அதன் நுனியில் கட்டிய இறைச்சித் துண்டு. ஆற்று மடுவில் இறக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நூல் கனத்ததும் வெடுக்கென்று இழுத்தால் போச்சு. கவ்வியதை விட்டுவிடாதபடி மெல்ல மேலே கொண்டுவந்து வலையில் அள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாத் தீவில், வடக்கே ஓடும் ஆறுகளின் கரையில் தாத்தாக்கள் பேரப்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த கைப்பழக்கம் இது.

அப்படிப் பிடிபட்ட நன்னீர்ச் சிங்கிதான், உலகின் நன்னீரில் வாழும் முதுகெலும்பில்லாத உயிர்களில் மிகப் பெரியது. ஒரு காலத்தில் 6 கிலோ வரை இருந்திருக்கிறது. நம் கடற்கரைச் சிங்கி இறாலுக்கு இல்லாத பெரிய கொடுக்குகள் இதற்கு உண்டு. அறிவியல் பெயர் கிடைத்தது 1936-ல். தீவின் தொல்குடிகள் அதற்கு வெகுகாலம் முன்பே அதை அறிந்தவர்கள். அவர்களின் பலவா கானி மொழியில் அது ‘தையாட்டியா’.

இதைப் பிடிக்க 1998-ல் தடை வந்தது. மீறினால் 10,000 ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். குடும்பத்தோடு ஆற்றுக்குப் போன ஒரு வழக்கம் சட்டென்று குற்றமாகிவிட்டது. அந்தப் பெரியவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் தடை சரியென்றே சொல்வேன். பெண் சிங்கி முட்டையிடும் பருவத்தை எட்ட ஏறக்குறைய 14 ஆண்டுகள் ஆகின்றன. அதன்பிறகும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் முட்டை. ஒரு விருந்துக்குப் பிடித்த இடத்தை ஆறு நிரப்புவதற்குள், பிடித்தவரின் பிள்ளை பள்ளிப் படிப்பின் கடைசி வகுப்புகளுக்கு வந்துவிடுவான்.

சிங்கி குறைந்துபோன பழியை நூல் போட்டவர்கள் மேல் மட்டும் சுமத்துவது நியாயமில்லை. ஆற்றில் விழுந்து உளுத்த மரம்தான் இதன் முக்கிய உணவு. குளிர்ந்த, தெளிந்த நீர் வேண்டும். கரையோரக் காட்டை வெட்டினால் உணவும் போகிறது, நிழலும் போகிறது. வெட்டிய கரையிலிருந்தும் மாடுகள் மிதித்த கரையிலிருந்தும் மண் கரைந்து வந்து, கல்லிடுக்குகளில் குஞ்சுகள் ஒளியும் இடத்தை அடைத்துவிடுகிறது. தாத்தாக்களுக்கு விதித்த கட்டுப்பாடு கோடரிக்கும் மாட்டு மந்தைக்கும் அதே கண்டிப்போடு வர வேண்டும்.

தடை வந்த 1998-ல் பொரிந்த பெண் குஞ்சு ஒன்று, பிழைத்திருந்தால், 2012 வாக்கில்தான் முதன்முதலாக முட்டை சுமந்திருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்