பீங்கானுக்குக் கீழே

சென்ற மாதம் ஒரு மதியம், ஒரகடத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மிலான் நகரத்து அரண்மனை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செல்போன் திரையில்தான். காட்டிக்கொண்டிருந்தவர் எனக்கு அக்கா முறை. அகமதாபாத் என்.ஐ.டி.யில் செராமிக் படித்துவிட்டு, கழிவறைப் பீங்கான் செய்யும் ஒரு நிறுவனத்தில் டிசைனராக இருக்கிறார். எங்கள் காலனிக்கு டிசைன் என்ற சொல்லைக் கொண்டுவந்தவரே அவர்தான். அதற்கு முன் எங்களுக்கு டிசைன் என்றால் புடவை பார்டர்.

இந்தப் பகுதியில் கட்டப்படும் ஒரு தொழிலாளர் விடுதிக்கு அவர் நிறுவனம் கழிவறைப் பொருட்கள் கொடுக்கப் பேசிக்கொண்டிருக்கிறது. இடத்தைப் பார்க்க வந்தவர், ஆய்வு என்ற பெயரில் நான் இங்கேயே சுற்றிக்கொண்டிருப்பது தெரிந்து கூப்பிட்டார். பேச்சு எங்கெங்கோ போய், 2022 ஜூனில் அவர் மிலான் வடிவமைப்பு வாரத்துக்குப் போய்வந்த கதையில் நின்றது.

அங்கே கோலர் என்ற அமெரிக்க நிறுவனம் டேனியல் ஆர்ஷம் என்ற கலைஞரோடு சேர்ந்து ‘டிவைடட் லேயர்ஸ்’ என்றொரு நிறுவல்கலையை வைத்திருந்தது. கோலர் விற்பது வாஷ்பேசின், குழாய், டாய்லெட். வைத்த இடம் பலாஸ்ஸோ டெல் செனாட்டோ என்ற பழைய மாளிகையின் முற்றம். அந்த மாளிகையில்தான் மிலானின் அரசு ஆவணக்காப்பகம் இருக்கிறது. நானாக இருந்தால் முற்றத்தை விட்டுவிட்டு ஆவணக்காப்பகத்துக்குள் போயிருப்பேன் என்றேன். “அதான் உனக்கு இன்னும் பிஎச்.டி. முடியல” என்றார்.

ஒன்றன்பின் ஒன்றாகப் பெரிய வெள்ளைப் பலகைகள். நடுவில் குகைவாய் போல வெட்டிய திறப்புகள். அதன் வழியே தண்ணீரின் நடுவே நடந்து போகவேண்டும். ஆர்ஷம் அதற்கு முன் இதே நிறுவனத்துக்காக, அடுக்கடுக்காகப் பாறை அரித்தது போன்ற ஒரு வாஷ்பேசினை முப்பரிமாண அச்சு முறையில் பீங்கானில் செய்திருந்தார். அந்த அடுக்குகளுக்குள் மனிதரே நுழைந்து நடப்பதுபோலத்தான் இந்த நிறுவல். இதைத்தான் இம்மர்சிவ் என்கிறார்கள். பார்வையாளர் வெளியே நின்று பார்ப்பதில்லை, உள்ளே போய் மூழ்கிவிடுகிறார்.

“விளம்பரம்தானே அக்கா” என்று கேட்டேன். சமூகவியல் மாணவனின் அனிச்சைச் செயல் அது.

அவர் கோபப்படவில்லை. “விளம்பரம்தான். ஆனா உள்ள நடந்தப்போ எனக்கு அழுகை வந்துச்சு தம்பி. பத்து வருஷமா கக்கூஸ் டிசைன் பண்றேன். ஊர்ல என்ன வேலைன்னு கேட்டா பீங்கான்னு சொல்லிட்டு நிறுத்திடுவேன். அங்க அதே பொருளுக்கு அரண்மனையைக் கொடுத்திருந்தாங்க.”

இதை நான் லேசாகக் கடந்துபோக விரும்பவில்லை. மலத்தோடு சேர்த்துப் பார்க்கப்பட்டே பழகிய ஒரு சமூகத்திலிருந்து போன பெண் அவர். தான் தொடும் களிமண் கலையாக மதிக்கப்படும் இடத்தில் நின்று அழுதிருக்கிறார். களிமண் குழம்பை அச்சில் ஊற்றி, காயவைத்து, மேல்பூச்சு தெளித்து, 1,200 டிகிரி வாக்கில் சூளையில் வேகவைக்கும்போது அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே கணக்கிட்டு வரைவது எவ்வளவு நுட்பமான வேலை என்று அவர் விளக்கும்போது முகமே வேறாகிவிடும். மார்செல் டுஷாம்ப் 1917-இல் ஒரு பீங்கான் சிறுநீர்க் கோப்பையைக் கலைக்கண்காட்சிக்கு அனுப்பி உலகத்தைக் குழப்பியதைப் பற்றிக் கலை மாணவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்தக் கோப்பையை வார்த்த தொழிலாளியைப் பற்றி யோசிக்கச் சொல்லிக்கொடுத்தவர் இந்த அக்காதான்.

எனக்கு உறுத்தியது அந்த ‘மூழ்குதல்’ என்ற சொல். அதே 2022-இல், அக்கா மிலானிலிருந்து திரும்பிய நான்காவது மாதம், ஸ்ரீபெரும்புதூர் அருகே கச்சிப்பட்டில் ஒரு தனியார் சொகுசு விடுதியின் செப்டிக் டேங்கில் இறங்கிய 3 தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி இறந்தார்கள். அதற்கு முன் 2021 பிப்ரவரியில், இதே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கேட்டரிங் நிறுவனத்தின் தொட்டியில் 3 பேர். 2019 மார்ச்சில் நெமிலியில் ஒரு வீட்டுத் தொட்டியில் 6 பேர். இறங்கியவரைக் காப்பாற்றப் போனவர்கள் ஒருவர்பின் ஒருவராக விழுந்தார்கள். இவை வேறு வேறு ஊர்ச் செய்திகள் அல்ல. கார், கண்ணாடி, செல்போன் செய்து உலகத்துக்கு அனுப்பும் ஒரே தொழில்வட்டாரத்தின் நான்கு வருடக் கணக்கு, அதுவும் என் நினைவில் நின்றவை மட்டும்.

டாய்லெட்டின் வடிவத்தில் மிக முக்கியமான இடம் எது என்று அக்காவிடம் கேட்டேன். உட்காரும் இடம் என்று சொல்வார் என நினைத்தேன். “டிராப்” என்றார். கோப்பைக்குப் பின்னால் வளைந்து ஏறி இறங்கும் குழாய். லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் கம்மிங் 1775-இல் காப்புரிமை வாங்கியது இந்த வளைவுக்குத்தான். அந்த வளைவில் எப்போதும் ஒரு கை அகலத் தண்ணீர் நிற்கும். கீழே உள்ள வாயு மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். நவீன வீட்டுக்குள் கழிவறை நுழைய முடிந்ததே அதனால்தான்.

அந்த வாயு எங்கேயும் போய்விடவில்லை. கீழேயே இருக்கிறது. ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாறும். அளவு கூடினால் முதலில் மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குகிறவர் அடுத்த சில மூச்சில் சாய்கிறார். மேலே இருப்பவரின் மூக்குக்கு 250 வருடங்களாக ஒரு டிசைன் இருக்கிறது. கீழே இறங்குகிறவரின் மூக்குக்கு அப்படி ஒன்று ஏன் வரவில்லை?

தொழில்நுட்பம் போதவில்லை என்பார்கள். கேரளத்து இளைஞர்கள் உருவாக்கிய பேண்டிகூட் இயந்திரம் வந்து ஏழெட்டு வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் அது தெருச் சாக்கடையின் ஆள்நுழைவுக் குழிக்கானது. இந்த வட்டாரத்தில் பெரும்பாலான விடுதிகளும் லைன் வீடுகளும் செப்டிக் டேங்கை நம்பி இருப்பவை. தொட்டியை எங்கே கட்டுகிறார்கள் என்று போய்ப் பாருங்கள். சமையலறைக்கு அடியில், வண்டி நிறுத்துமிடத்துக்கு அடியில், சில இடங்களில் படிக்கட்டுக்கு அடியில். டேங்கர் லாரியின் குழாய் எட்டாது. மூடியைத் திறந்தால் ஒரு ஆள் நெருக்கியடித்து இறங்க மட்டும் இடம். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை சேறு எடுக்கவேண்டிய தொட்டியைப் பத்து வருடம் விட்டால் அடியில் இறுகிவிடும், குழாய் உறிஞ்சாது. மனிதன் இறங்கித்தான் வாரவேண்டும் என்பது அந்தக் கட்டடத்தின் வரைபடத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது. யாராவது ஒருவன் இறங்குவான் என்ற நம்பிக்கை இல்லாமல் யாரும் இப்படி ஒரு தொட்டியைக் கட்டமாட்டார்கள். அந்த நம்பிக்கையின் பெயர்தான் சாதி.

களப்பணிக்காக நான் இங்கே ஒரு லைன் வீட்டில் எட்டு மாதம் இருந்தேன். மழைக்காலத்தில் தொட்டி நிரம்பி வழிந்தது. வீட்டுக்காரர் நல்ல மனிதர், வாடகை தாமதமானால் கூட முகம் சுளிக்காதவர். என் ஊரையும் தெருவையும் எப்போதோ நாசூக்காக விசாரித்து வைத்திருந்தார். வாசலுக்கு வந்து, “தம்பி, லாரிக்காரன் வரமாட்டேங்கறான். உங்க பக்கம் இதுக்கு ஆள் இருப்பாங்க இல்ல, கொஞ்சம் சொல்லி விடுங்களேன்” என்றார். என் மேசையில் பாதி எழுதிய ஆய்வு அத்தியாயம் கிடந்தது. நான் எதுவும் பதில் சொல்லவில்லை. மறுநாள் எங்கிருந்தோ இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் பேசியது ஒடியா. உள்ளூர்ச் சேரியிலிருந்து ஆள் வர மறுத்தால், அதே வேலையை ஒப்பந்ததாரர் ‘ஹவுஸ்கீப்பிங்’ என்று பெயர் மாற்றி ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்து வந்தவர் தலையில் கட்டுகிறார்.

அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் ஐ வெய்வெய்யைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். செராமிக் படித்தவர்களுக்கு அது ஒரு புராணக் கதை. 2010 அக்டோபரில் லண்டன் டேட் மாடர்னின் டர்பைன் ஹாலில் அவர் 10 கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகளைக் கொட்டினார். சீனாவின் ஜிங்டெஷன் நகரில் 1,600 பேர் கையால் செய்து, கையால் வண்ணம் தீட்டியவை. மக்கள் அதன்மேல் நடக்கலாம், படுக்கலாம், அள்ளலாம். சில நாட்களிலேயே தடை வந்துவிட்டது. கால்பட்டு உரசும்போது கிளம்பும் பீங்கான் தூசி நுரையீரலுக்கு ஆகாது என்றார்கள். அதன்பின் ஓரமாக நின்று பார்க்கத்தான் முடிந்தது.

“சரியான முடிவுதான” என்றேன்.

“சரிதான். நாலு நாள் நடந்தவனுக்கு வரக்கூடிய தூசிக்கு ஹாலையே மூடினாங்க. மேல்பூச்சு தெளிக்கிற செக்ஷன்ல முப்பது வருஷம் நிக்கிறவங்களுக்கு நாங்க துணி மாஸ்க் கொடுக்கறோம்.” குஜராத்தின் தான்கட் பக்கம் பீங்கான் ஆலைகளில் வேலை செய்து சிலிகோசிஸ் வந்தவர்களைப் படிக்கும் காலத்தில் அவர் நேரில் பார்த்திருக்கிறார். இந்த டர்பைன் ஹாலில் 2015 முதல் வருடாவருடம் வைக்கப்படும் பிரம்மாண்ட நிறுவல்களுக்குப் பெயர் ‘ஹூண்டாய் கமிஷன்’ என்று நான் சொன்னேன். நாங்கள் உட்கார்ந்திருந்த டீக்கடையிலிருந்து இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் ஹூண்டாய் ஆலை கொஞ்ச தூரம்தான். அக்கா சிரித்தார். நான் சதிக்கோட்பாடு எதுவும் சொல்ல வரவில்லை. பெருநிறுவனங்களின் பணம் உலகின் கலைக்கூடங்களில் நம்மை எதிலெல்லாம் மூழ்கவைக்கிறது, எதில் மூழ்கவைப்பதே இல்லை என்பதுதான் கேள்வி.

2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தது நினைவிருக்கும். விடுதிச் சாப்பாடு நஞ்சாகித் தோழிகள் மருத்துவமனைக்குப் போன கோபம். சில விடுதிகளின் கழிவறையில் தண்ணீரே வரவில்லை என்று அப்போது ராய்ட்டர்ஸ் எழுதியது. அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் விடுதிகள் பற்றி எல்லோரும் பேசினார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் 706.50 கோடி ரூபாயில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பைத் திறந்தது. நல்ல விஷயம், பெண்கள் போராடிப் பெற்றது. இப்போது தனியாரும் வரிசையாகக் கட்டுகிறார்கள். அக்கா பார்க்க வந்தது அப்படி ஒன்றைத்தான்.

2013 சட்டம் பாதுகாப்பில்லாமல் தொட்டியில் மனிதரை இறக்குவதைத் தடை செய்கிறது. இறந்தால் 10 லட்சம் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு வைத்த, 1993 முதலான சாவுக் கணக்கில் தமிழ்நாடுதான் முதலிடம். திராவிட மாடல் பேசும் நாம் இந்த முதலிடத்தைப் பற்றி அதே சத்தத்தில் பேசுவதில்லை. இழப்பீடு சாவுக்குப் பிறகு வருவது. அதற்கு முன்பே தடுக்கக்கூடிய இடம் வரைபடம். விடுதி உரிமம் கேட்கிறவர் தொட்டி எங்கே இருக்கிறது, லாரிக் குழாய் எட்டுமா, மூடி வழியாக இயந்திரம் இறங்குமா என்று காட்டவேண்டும். கடைசியாகச் சேறு எடுத்த தேதியும் எடுத்தவரின் உரிம எண்ணும் விடுதி வாசலில் எழுதியிருக்கவேண்டும். லிஃப்டுக்குள் பரிசோதனைச் சான்றிதழ் ஒட்டுகிற ஊரில் இது முடியாத காரியமில்லை.

“எங்க டிராயிங்ல தரைக்கு ஒரு கோடு போடுவோம்” என்றார் அக்கா, டீ டம்ளரை பெஞ்சில் வைத்து விரலால் அதன் அடியில் இழுத்துக் காட்டி. “அந்தக் கோட்டோட எங்க வேலை முடிஞ்சிடும். காலேஜ்லயும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்க. கீழ இருக்கறது வேற டிபார்ட்மென்ட்.”

ஊருக்குப் போனபின் அவர் அந்த விடுதிக்கான வரைபடத்தைத் திரும்ப வரைந்திருக்கிறார். கோட்டுக்குக் கீழே குழாய், தொட்டி, மூடியின் அகலம், லாரி நிற்கும் இடம் எல்லாம் சிவப்பில். போன வாரம் அதன் படத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஓரத்தில் அவருடைய மேலாளர் பென்சிலால் எழுதியிருந்தார்: ‘இது நம் வேலை இல்லை, நீக்கவும்.’ நீக்காமல் அப்படியே அனுப்பப் போவதாக அக்கா சொல்லியிருக்கிறார்.